மீட்டர் மேல் சந்தனப் பொட்டு

இந்த ஒரகடம் ரோட்டில் ஆளே இல்லாத லாரியை வாய்விட்டு அழ வைத்து, அதற்குள்ளிருந்து செத்துப்போன ஒருவனைப் பேசவும் வைத்தவன் நான் ஒருவன்தான். நேற்று மத்தியானம் ஸ்டேஷனுக்குள் வந்து இதைச் சொன்னபோது நீங்கள் சிரிக்கவில்லை, மேடம். ரைட்டரைப் பார்த்து, "பெரியவரு நனைஞ்சிருக்காரு, ஒரு டீ சொல்லுங்க" என்றீர்கள். டீ நன்றாக இருந்தது. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். அதற்கப்புறம் ஸ்டேஷன் வண்டி யார்டில் நடந்ததை நீங்களே பார்த்துவிட்டதால், முதலிலிருந்து என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. பேனா மட்டும் அடிக்கடி மக்கர் பண்ணுகிறது.

நான் கோதண்டம். ஊர் மண்ணூர். ஒரகடத்தில் லாரி ஒர்க்‌ஷாப் ஒன்றில் எலக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டையர் ஆனவன். ஆனாலும் மழைக்காலம் வந்தால் ஒர்க்‌ஷாப்பில் கூப்பிட்டுவிடுவார்கள். மழையில் நனைந்த வண்டிகள் என் குரலைக் கேட்டாலே பாதி குணமாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. நம்பிக்கை என்னுடையதுதான்.

வல்லம் திருப்பத்தில் மஞ்சுளாவின் டீக்கடை இருக்கிறதே, சாயங்காலமானால் நான் அங்கேதான். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட வருஷம், வெள்ளத்தில் ஒரு டிரெய்லரை ரிவர்ஸ் கியரில் நீந்தவிட்டு மண்ணூரில் கரை சேர்த்த கதையை அங்கே வைத்துத்தான் சொன்னேன். மறைமலை நகரில் ஒரு வண்டியின் ஹெட்லைட்டை நான் திருப்பி வைக்க, எதிர் ஊரில் கோழிகள் விடிந்துவிட்டதென்று கூவியதையும் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் நம்புவார்கள். நம்பாவிட்டாலும் நம்புகிற மாதிரி தலையாட்டுவார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

"நீ பாட்டுக்கு வுடுண்ணே. நீ கத வுட்டாத்தான் நாலு பேரு நிக்கிறான், என் பஜ்ஜி தீருது" என்பாள் மஞ்சுளா.

ஒரே ஓர் ஆள் மட்டும் தலையாட்ட மாட்டான். காசிராஜன். நாங்குநேரிப் பக்கத்துக்காரன். டிரைவராக வந்து, இப்போது சொந்தமாக ஒரு லாரி வைத்திருக்கிறான். அவனுடைய அக்கா மகன் இசக்கியப்பனும் அதே வண்டியை ஓட்டுவான். காசிராஜன் கெட்டவன் இல்லை. பொய் சொல்லத் தெரியாதவன், அவ்வளவுதான். அந்த மாதிரி ஆளோடு உட்கார்ந்து டீ குடிப்பது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் போலீஸ்.

"அண்ணாச்சி, டிரெய்லர் நீந்துச்சுன்னு சொல்லுதிய. சரி. அதுக்கு நீச்சல் சொல்லிக் குடுத்தது யாரு?" என்று கேட்பான். கேட்டுவிட்டு என் டீக்கும் சேர்த்து அவனே சொல்லுவான். "உங்க வாயைத்தான் நம்ப மாட்டேன். கையை நம்புவேன்" என்பான். அவன் லாரியில் ஒரு பல்பு போனால்கூட என்னைத்தான் கூப்பிடுவான்.

இனி அந்தப் பெட்டியின் விஷயம்.

புயல் மழையில் தண்ணீருக்குள் நின்றுபோன ஒரு கன்டெய்னர் லாரியை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வந்தார்கள். அதன் டிரைவர் உள்ளே ஏறவே மாட்டேன் என்றான். எல்லா டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தான். என்ன விஷயம் என்றால், சாவி இல்லாமலே ஹாரன் அடிக்கிறது. ஓடும்போது ஹெட்லைட் அணைகிறது. கதவு தன்னால் பூட்டிக்கொள்கிறது, தன்னால் திறந்துகொள்கிறது. வண்டிக்குள் யாரோ இருக்கிறார் என்பது அவன் முடிவு.

ஒர்க்‌ஷாப்பின் பொறுப்பில் இருப்பவர் ஹேமந்த். வயது குறைவு, வேலையில் கெட்டி. லேப்டாப்பை மாட்டினார், பார்த்தார். "பேயெல்லாம் இல்லண்ணே. பாடி கண்ட்ரோல் மாட்யூல் அவுட்டு. மாத்திருங்க" என்றார். டீக்கடையில் நான் வேறு மாதிரி சொன்னேன். வண்டியின் நெற்றியில் கை வைத்ததும் நோய் என்னவென்று எனக்குத் தெரிந்ததாகச் சொன்னேன். இங்கே உண்மையை எழுதுகிறேன். கண்டுபிடித்தவர் ஹேமந்த். ஸ்க்ரூவைக் கழற்றியது மட்டும் நான்.

அது ஒரு கறுப்புப் பெட்டி. டிபன் பாக்ஸ் அளவு. இடது பக்க டேஷ்போர்டுக்குள் இருக்கும். எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விளக்கு, வைப்பர், ஹாரன், கதவுப் பூட்டு எல்லாம் அதன் பேச்சைக் கேட்கும். டிரைவர் சுவிட்சைத் தட்டினால் அந்தச் சேதி முதலில் பெட்டிக்குப் போகும். பெட்டி மனசு வைத்தால்தான் விளக்கு எரியும். இந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஈரம் ஏறி, பித்தளைப் பின்களில் பச்சை பூத்திருந்தது. வெயிலில் காய்ந்தால் ஒழுங்காக இருக்கும். காற்றில் ஈரம் ஏறினால் அதற்குப் பித்துப் பிடிக்கும்.

மாற்றுவதற்கு முன்னால் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. எல்லோரும் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். வெளியே மழை. ஷெட்டில் நானும் அந்த வண்டியும் மட்டும். அப்போது அது ஆரம்பித்தது. முதலில் கேபினுக்குள் இருக்கிற விளக்கு எரிந்தது, மெதுவாக மங்கியது, மறுபடி எரிந்தது, யாரோ மூச்சு விடுகிற மாதிரி. பூட்டுக் குமிழ் மேலே ஏறி இறங்கியது. அப்புறம் ஹாரன். பேட்டரி இறங்கிப்போயிருந்ததால் அது ஹாரனாக வரவில்லை. தொண்டை கட்டிய ஆம்பளை ஒருவன், அழக்கூடாதென்று அடக்கி அடக்கி, முடியாமல் அழுகிற மாதிரி வந்தது. காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கை மயிரெல்லாம் எழுந்து நின்றது.

மேடம், நான் என் ஆயுசில் சொன்ன ஒரே உண்மைக் கதை இதுதான்.

அன்று சாயங்காலம் கடையில் அதைச் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. கூட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் இருந்தது. சொல்லி முடித்ததும் காசிராஜன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"ஹாரன் அடிச்சுதுன்னா நம்புதேன் அண்ணாச்சி. ஆளில்லாம அடிச்சுதுன்னாலும் ஷார்ட்டுன்னு வச்சுக்கிடலாம். அழுதுச்சுன்னு சொல்லுதியல்லா, அந்த எடத்துல வண்டிய எறக்கிவிட்டுட்டு நீங்க ஏறிக்கிட்டிய."

கடை சிரித்தது. மஞ்சுளா கரண்டியோடு நின்று சிரித்தாள். எத்தனையோ வருஷமாக அந்தக் கடையை நான் சிரிக்க வைத்திருக்கிறேன். என்னைப் பார்த்து அது சிரித்தது அன்றைக்குத்தான். பொய் சொன்ன நாளெல்லாம் தலையாட்டியவர்கள், உண்மை சொன்ன நாளில் சிரித்தார்கள். நீங்கள் யோசித்துப் பாருங்கள், அது நியாயமா.

அந்த வண்டிக்குப் புதுப் பெட்டி போட்டோம். ஹேமந்த் லேப்டாப்பை வைத்து வண்டி நம்பரை அதற்குப் பழக்கிவிட்டார். வண்டி சாதுவாகப் போய்விட்டது. பழையது சிவப்பு அட்டை கட்டிக்கொண்டு ஸ்டோர் கம்பி அறைக்குள் போனது. எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. வாரண்டியில் மாற்றின பழைய பாகத்தை யாரும் எடுத்து வேறு வண்டியில் மாட்டிவிடக்கூடாது என்று, கம்பெனி ஆள் வந்து நின்று, சுத்தியலால் உடைத்துப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். உடைக்கிற வேலையை நானே கேட்டு வாங்கினேன். வயசானவருக்கு ஆசை என்று விட்டுவிட்டார்கள். சிவப்பு அட்டையை, ஒரு பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிப் போட்டிருந்த அதே மாதிரிப் பெட்டியில் கட்டி அதை நொறுக்கினேன். எங்கள் பெட்டி என் சாப்பாட்டுப் பையில் வீட்டுக்கு வந்தது. திருட்டு என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. குப்பைக்குப் போகிற ஒன்றை ஒருத்தர் காப்பாற்றினால் அது அவ்வளவு பெரிய பாவமில்லை என்று அப்போது தோன்றியது.

இசக்கியப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல பிள்ளை. அதிகம் பேச மாட்டான். உச்சிமாகாளி என்று அவன் ஊர்க்காரன் ஒருவன் இங்கே ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்த்தான். இரண்டு பேரும் வல்லத்தில் ஒரே ரூம். ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது இசக்கியின் லாரியை ரோட்டில் பார்த்தால், உச்சி டிரைவர் பக்கக் கதவை ஒட்டி நிறுத்தி, கதவைத் தட்டுவானாம். "ஏல, எறங்குல, ஒரு டீ குடிப்போம்." தினமும் இதே வசனம். போன வருஷம் அதே ரோட்டில் டிரெய்லர் ஒன்றுக்குக் கீழே போய்விட்டான். இதையெல்லாம் இசக்கியே ஒருநாள் என்னிடம் சொன்னான். கேட்கிறவனுக்கு நேரம் இருக்கிறது என்று தெரிந்தால் ஜனங்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள்.

கடை சிரித்த அன்று அவனும் இருந்தான். அவன் சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அய்யா, நெசமாவே அழுதுச்சா?"

"அளுதுச்சுப்பா. ஆம்பள கொரலு. உன் சோட்டுப் பையன் கொரலு."

இந்தக் கடைசி வாக்கியம் அங்கே ஷெட்டில் நடந்ததில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் தன்னால் வந்தது.

"ஏதும் சொல்லிச்சா?"

ஒரு கதை சொல்லிக்கு இந்தக் கேள்வி எப்படிப்பட்டது என்று உங்களுக்கு எப்படி விளக்குவது. பசித்தவன் முன்னால் இலை போட்டது மாதிரி. நான் சொன்னேன்: "லைட்டு அணைஞ்சிச்சு. ஹாரன் அளுதுகினே இருந்துச்சு. லாக்கு டக்குன்னு தன்னால தொறந்துகிச்சு. அப்பால வெளிய டிரைவர் சைடுல ஒரு கொரலு. ஏல, எறங்குலன்னு."

இருட்டில் அவன் முகம் பார்த்தேன். பயந்தவன் முகம் எனக்குத் தெரியும், பலபேரைப் பயமுறுத்தியிருக்கிறேன். அது பயம் இல்லை. ரொம்ப நாள் கழித்து ஊரிலிருந்து போன் வந்தவன் முகம்.

"மறுபடி கூப்பிட்டா என்ன செய்யணும் அய்யா?"

"கூப்ட்டா போய்த்தான் ஆவணும். செத்தவன் பேச்சத் தட்டக்கூடாதுபா" என்றேன். சும்மா சொன்னேன். நல்ல கதைக்கு ஒரு முடிவு வேண்டும். அவன் தலையாட்டினான். காசிராஜன் ஒருநாளும் ஆட்டாத தலையை அவன் அக்கா மகன் அவ்வளவு அழகாக ஆட்டினான்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், வண்டிக்கு சீரியல் லைட் போட்டுத் தரும்படி காசிராஜன் கூப்பிட்டான். வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மாமனும் மருமகனும் பூ வாங்கப் போனார்கள். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். அதே மாடல் வண்டி. பேட்டரி வயரைக் கழற்றி, இடது டேஷ்போர்டைத் திறந்து, அவன் வண்டியின் நல்ல பெட்டியை எடுத்துவிட்டு எங்கள் பெட்டியை வைத்தேன். பிராயக்காரன் செய்கிற வேகத்தில் செய்தேன். அன்றைக்கு நல்ல வெயில், ஆகையால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. மீட்டரில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை விளக்கு மட்டும் அணைய மறுத்தது. பெட்டிக்கு இது தன் வண்டி இல்லை என்று தெரிந்திருக்கிறது. லேப்டாப் இல்லாமல் அதைச் சமாதானம் செய்ய முடியாது.

தட்டில் குழைத்த சந்தனம் இருந்தது. மீட்டர் கண்ணாடியில், சரியாக அந்த விளக்கின் மேல், தடியாக ஒரு பொட்டு வைத்தேன். நடுவில் குங்குமம். பார்க்க லட்சணமாக இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டை எங்கள் பக்கத்து டிரைவர் எவனும் துடைக்க மாட்டான், மேடம். அதுவாக உதிர்ந்தால்தான் உண்டு. கம்பெனி லேப்டாப்பால் மட்டுமே அணைக்க முடிகிற விளக்கை நான் ஒரு விரலால் அணைத்தேன். இதை யாரிடமும் சொல்ல முடியாமல் போனது எனக்கு இன்றுவரை வருத்தம்.

காசிராஜன் வந்து பொட்டைப் பார்த்தான். "நீங்களே வச்சியளா அண்ணாச்சி?" என்று கேட்டு, எனக்கு வேட்டி துண்டு வைத்து மரியாதை செய்தான்.

ஏன் செய்தாய் என்று நேற்று இரண்டு முறை கேட்டீர்கள். ஒரு மழை. அதற்குமேல் நான் எதையும் கேட்கவில்லை. ஒரு மழையில் காசிராஜன் அந்த வண்டிக்குள் தனியாக உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்க வேண்டும். மறுநாள் கடைக்கு வந்து, எல்லோர் முன்னாலும், நீங்க சொன்னது நெசம் என்று சொல்ல வேண்டும். அன்றே நல்ல பெட்டியைத் திருப்பி மாட்டிவிடுவதாக இருந்தேன். அதைத் துணியில் சுற்றி வீட்டில் டிவி பக்கத்தில் வைத்திருந்தேன். தாயாரம்மாள் அது என்னவென்று கேட்டதற்கு, செட்டாப் பாக்ஸ் என்றேன். என் வீட்டுக்காரி நான் சொல்வதை எல்லாம் நம்புவாள்.

ஓடும்போது ஹெட்லைட் அணையும் என்று எனக்குத் தெரியுமா என்றும் கேட்டீர்கள். தெரியும். முதல் வண்டியின் டிரைவர் சொன்னதை மேலே எழுதியிருக்கிறேன். தெரிந்த ஒன்றை அந்த நேரத்தில் நினைக்காமல் இருந்தேன். அது எனக்குச் சுலபமாக வரும்.

மழை தாமதித்தது. வந்தபோது காசிராஜன் ஊரில் இல்லை. சொந்தத்தில் கல்யாணம் என்று நாங்குநேரி போயிருந்தான். வண்டியை இசக்கியப்பன் எடுத்துப் போயிருந்தான். இது எனக்கு முன்னமே தெரியும். காசிராஜன் கடையில் சொல்லிவிட்டுத்தான் போனான். மத்தியானத்திலிருந்து வானம் கறுத்துக்கொண்டே வந்தது. நான் கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போன் என் சட்டைப் பையில் இருந்தது. காசிராஜன் கேட்பதைவிட அவனுடைய சொந்த ரத்தம் கேட்டுவிட்டுப் போய்ச் சொன்னால் இன்னும் நல்லது என்று நினைத்தேன். என் வாயைத்தான் அவன் நம்ப மாட்டான். இசக்கி பொய் சொன்னதே கிடையாது.

பொழுது சாய்கிற நேரம் அது. நடந்ததை கம்பெனி பஸ் டிரைவர் அந்தோணிராஜ் உங்களிடம் சொல்லியிருக்கிறார். நானும் அவரைத் தேடிப் போய்க் கேட்டேன். எனக்கு விவரமாகத் தெரிய வேண்டியிருந்தது. மழை ஊற்றுகிறது. ரோட்டின் இடதுபுறம் ஒரு லாரி நிற்கிறது. முன்னால் பின்னால் ஒரு விளக்கு இல்லை. ஹாரன் மட்டும் விடாமல் கேட்கிறது. கேபினுக்குள் மட்டும் மங்கலாக வெளிச்சம். டிரைவர் பக்கக் கதவு திறக்கிறது.

"அவன் பதறி எல்லாம் ஓடி வரல சார்" என்று என்னிடம் சொன்னார் அந்தோணிராஜ். "நிதானமா எறங்குனான். எதிர்ல யாரோ நிக்கிற மாதிரி பாத்தான். தோ வரேன்னு கைய தூக்கினான் சார். சிரிச்சிகினு கீறான். பிரேக்க மிதிச்சேன், தண்ணியில வண்டி நிக்கல."

அவர் மேல் தப்பில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்லுவேன்.

பிறகு நீங்கள் லாரியை இந்த யார்டுக்குக் கொண்டுவந்தீர்கள். மறுநாள் நல்ல வெயிலில் மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். பிரேக் சரி, ஸ்டியரிங் சரி, விளக்கெல்லாம் எரிகிறது. பொட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்கினாராம். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். இசக்கி குடித்திருந்தான் என்று சிலர் சொன்னார்கள். ரத்தத்தில் இல்லை என்று வந்ததும், தானாகப் போய் விழுந்தான், ஏதோ காதல் விவகாரம் என்றார்கள். அவன் அம்மா நாங்குநேரியிலிருந்து வந்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டாள். "எம்புள்ளைக்கு என்னய்யா கொறை இருந்துச்சு? ஒங்ககிட்டயாவது ஏதும் சொன்னானா?"

என்னிடமும் கேட்டாள். இல்லையம்மா என்றேன்.

அந்தப் பிள்ளையின் பேர் கெடக்கூடாது என்றுதான் இப்போது வந்திருக்கிறேன். நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

இப்போதெல்லாம் மழை பெய்தால் எங்கள் வீட்டில் ஹாரன் கேட்கிறது. ரோட்டில் போகிற வண்டி என்று தாயாரம்மாளிடம் சொல்கிறேன். அவள், "இல்லங்க, டிவியாண்டதான் கேக்குது" என்கிறாள். நல்ல பெட்டியில் ஒயரே இல்லை, மேடம். எனக்கு அது தெரியும். ஆனாலும் இரண்டு சுற்று துணி அதிகமாகச் சுற்றி வைத்தேன். அவள் அன்று முதல் டிவியைப் போடுவதில்லை.

நேற்று நடந்தது உங்களுக்குத் தெரியும். என்றாலும் வாக்குமூலம் முழுசாக இருக்க வேண்டும் என்றீர்கள். நான் சொன்னதை நீங்கள் நம்பவில்லை. வண்டிக்காரன் என்ற முறையில் காசிராஜனை வரவழைத்தீர்கள். மொட்டை போட்டிருந்தான். பாதி ஆளாக இளைத்திருந்தான். யார்டில் மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. கேஸில் பிடித்த பைக்குகளின் மேல் கோவைக்கொடி படர்ந்து கிடந்தது. நான் பேட்டரி வயரை மாட்டினேன். எதுவும் நடக்கவில்லை.

கொஞ்ச நேரம் நின்றோம். காசிராஜன் என்னைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, சாவு வீட்டுலயுமா? இதுலயும் ஒரு கத வேணுமா ஒங்களுக்கு?"

"பொறுப்பா. அதுக்கு மூடு வரணும்" என்றேன்.

நீங்கள் கேபினுக்குள் ஏறினீர்கள். சாவியைத் திருப்பினீர்கள். மீட்டரில் காய்ந்திருந்த சந்தனத்தை உங்கள் கர்ச்சீப்பால் துடைத்தீர்கள். இந்தப் பக்கத்துக்காரர் யாரும் செய்யாத காரியம். அடியில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நீங்கள் சாவியை உருவி, இறங்கி, கதவைச் சாத்தினீர்கள். அப்போதுதான் தூறல் வலுத்தது.

உள்ளே விளக்கு எரிந்தது. மங்கியது. எரிந்தது. பூட்டுக் குமிழ் டக்கென்று எழுந்தது. அப்புறம் அது அழ ஆரம்பித்தது. நாள்பட்டுக் கிடந்த பேட்டரி, அதனால் ஒர்க்‌ஷாப்பில் கேட்டதைவிட அடித்தொண்டையில் வந்தது. ரைட்டர் இரண்டு அடி பின்னால் போனார். உங்கள் கை தொப்பியில் இருந்தது. நான் யாரையும் பார்க்கவில்லை, காசிராஜனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் வண்டியருகே போய், டிரைவர் பக்கக் கதவில் உள்ளங்கையை வைத்தான். "ஏல இசக்கி" என்றான். வண்டி நிறுத்தவில்லை.

"இதக் கேட்டுத்தான் எறங்குனானா?" என்று கேட்டான், என் பக்கம் திரும்பாமல்.

"ஆமாம்பா."

"உச்சி கூப்பிடுதான்னு நீங்கதான் அவங்கிட்ட சொல்லி வச்சியளா?"

"ஆமாம்."

அப்போது நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள், மேடம். இசக்கியின் போனிலிருந்து கடைசியாகப் போன அழைப்பு என் நம்பருக்கு, அதில் என்ன பேசினான் என்று. அவன் இறந்த சமயம் கேட்டபோது, வைப்பரில் ஏதோ சந்தேகம் கேட்டான் என்று சொல்லியிருந்தேன். அது பொய். மழைக்குள்ளிருந்து பேசினான். பின்னால் ஹாரன் கேட்டுக்கொண்டிருந்தது. "அய்யா, லைட்டெல்லாம் அணைஞ்சு போச்சு. ஓரமா நிறுத்திட்டேன். நீங்க சொன்ன மாரியே அழுவுது. லாக்கு தொறந்துட்டு. அவனா இருக்குமோ?"

நான் சொல்ல வேண்டியிருந்தது சின்ன விஷயம். அது ஒரு பெட்டிப்பா, கெட்டுப்போன பெட்டி, இறங்காதே. அவ்வளவுதான். அந்த வார்த்தைகள் என் வாயில் இருந்தன. ஆனால் அவன் குரலில் அப்படியொரு நம்பிக்கை இருந்தது. என்னை யாரும் அப்படி நம்பியதில்லை. நான் சொன்னது: "கொரலு கேக்குதா பாருப்பா."

"கேக்குது அய்யா" என்றான். போனை வைத்துவிட்டான்.

இதை யார்டில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள், காசிராஜன் அடித்துவிடுவான் என்று நினைத்திருப்பீர்கள். அவன் அடிக்கவில்லை. பேட்டரி தீர்ந்து, அழுகை இழுத்து இழுத்து அடங்கும்வரை கதவிலிருந்து கையை எடுக்காமல் நின்றான். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தான். அத்தனை வருஷத்தில் ஒருநாளும் நான் பார்க்காத முகம். மஞ்சுளாவும் கடைக்காரர்களும் பக்கத்தில் இல்லையே என்று எனக்கு ஒரு நிமிஷம் குறையாக இருந்தது. ஆனால் நீங்கள் இருந்தீர்கள், ரைட்டர் இருந்தார். உங்கள் காதிலும் விழுந்திருக்கும். மறக்காமல் பதிவு செய்துகொள்ளுங்கள். காசிராஜன் சொன்னான்:

"நெசந்தான் அண்ணாச்சி. நீங்க சொன்னபடியே நடந்திருக்கு."